ஸ்பேஸ் பாரை இழுக்க முடியாது

எங்கள் வீட்டுக் கூடத்தில் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு பெட்டி நிற்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் அதைக் கோழிக்கூண்டு என்று நினைப்பார்கள். தர்மபுரியிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர், "பேரனுக்கு ஐஸ்கிரீம் கடை வெச்சுக் குடுக்கறீங்களா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு காபி கிடைக்காமல் திரும்பிப் போனார்.

அது வீடியோ கேம் பெட்டி. என் அக்கா பையன் தன் கையால் செய்தது. பையன் டிப்ளமோ படித்தவன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வார லீவுக்குத் தொப்பூர் வந்தால் சாப்பிடுவான், தூங்குவான், மிச்ச நேரத்தில் பிளைவுட் அறுப்பான். எங்கேயோ கழித்துப் போட்ட மானிட்டரை வாங்கிப் படுக்கப் போட்டு, என் பழைய கம்ப்யூட்டரை உள்ளே திணித்து, பக்கத்துக்கு ஒரு பொத்தான் வைத்து, மேலே கண்ணாடியும் போட்டுவிட்டான். அதில் அவன் ஆடுவது பின்பால். திரையில் ஒரு சரிவான மேஜை, அதில் உருளும் குண்டு, அது விழுந்துவிடாமல் தட்டிவிட இரண்டு துடுப்புகள்.

ஆபீசில் கம்ப்யூட்டர் புதிதாக வந்த நாட்களில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1995-ல் மைக்ரோசாஃப்ட் 'ப்ளஸ்' என்று ஒரு கூடுதல் பொட்டலம் போட்டது. அதில் 'ஸ்பேஸ் கேடட்' என்று ஒரு பின்பால் இருந்தது. அப்புறம் விண்டோஸ் எக்ஸ்பி வரை கூடவே வந்தது. எங்கள் செக்‌ஷனில் மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் மிகத் தீவிரமாக ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு டைப் அடிக்கிறார்கள் என்று மேனேஜர் நம்பினார். நல்ல மனுஷர்.

அதற்குப் பிறகு வந்த விஸ்டாவில் அந்த விளையாட்டு காணாமல் போனது. காரணத்தை மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ரேமண்ட் சென் பிற்பாடு எழுதினார். விண்டோஸை 64 பிட்டுக்கு மாற்றியபோது இந்த விளையாட்டில் ஒரு கோளாறு வந்துவிட்டது. பந்து வந்து பிளஞ்சர் மேல் உட்காரும். உட்கார்ந்த பந்து, மெதுவாக, அந்த பிளஞ்சரையே ஊடுருவிக் கீழே இறங்கி மேஜையை விட்டே போய்விடும். யாரோ எப்போதோ எழுதிய புரோகிராம், விளக்கக் குறிப்பும் இல்லை. தவறு எங்கே என்று பிடிக்க முடியாமல் தூக்கிவிட்டார்கள். உலகத்தின் ஒரு பெரிய கம்பெனிக்கு, பிளஞ்சர் மேல் ஒரு பந்தை உட்கார வைக்க முடியவில்லை.

பிளஞ்சர் என்றால் இழுத்து விடுகிற கம்பி. ஸ்பிரிங் போட்டிருக்கும். இழுத்தால் ஸ்பிரிங் நசுங்கும், விட்டால் பந்தை அடித்து மேலே அனுப்பும். கம்ப்யூட்டரில் கம்பி கிடையாது. ஸ்பேஸ் பாரை எவ்வளவு நேரம் அமுக்குகிறீர்களோ அவ்வளவு வேகம். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் என் அப்பா குறுக்கிட்டார்.

* * *

அப்பா லாரி டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். தொப்பூர்க் கணவாயை எத்தனை ஆயிரம் தடவை இறங்கியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் என்.எச். 44-ல் போனவர்களுக்குத் தெரியும். கட்டமேட்டைத் தாண்டியதும் சாலை சரசரவென்று இறங்கும். 'நியூட்ரலில் ஓட்டாதீர்' என்று போர்டு வைத்திருப்பார்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, இறக்கம் முழுக்கப் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்து, டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போய், இரட்டைப் பாலம் பக்கத்தில் முன்னால் போகிற வண்டிகளை வரிசையாக இடித்த கதைகளை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது சத்தமாக வரும்.

அப்பா ஒருநாள் பெட்டி முன்னால் வந்து நின்றார். பையன் உற்சாகமாக, "தாத்தா, இதை அமுக்கிப் பிடிச்சுட்டு விடுங்க" என்றான். அமுக்கினார். விட்டார். பந்து போனது. மறுபடி அமுக்கினார். முகத்தைச் சுளித்தார்.

"என்னாடா இது, காலிங் பெல்லா? இழுக்கணும்டா. இழுத்தாதான் கைக்குத் தெரியும்."

"உங்களுக்கு இது தெரியுமா தாத்தா?"

அப்பா பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சமையல்கட்டிலிருந்து அம்மா, "அதைக் கேக்காத" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் தெரியும், பையனுக்குத் தெரியாது. 1983-ல், ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் கூடிய கூட்டத்தில், ஆணி அடித்த பலகை ஒன்றில் அப்பா முதலாளியின் வாடகைப் பணம் 320 ரூபாயை விட்டுவிட்டு வந்தார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. திரும்பவில்லை. அதோடு அப்பா சீட்டு தொடமாட்டார், லாட்டரி வாங்கமாட்டார், கோயில் திருவிழாவில் வளையம் எறிகிற கடைப் பக்கம்கூடப் போகமாட்டார். கேட்டால், "என் கைக்கு ராசி இல்ல" என்பார். ஒரு லாரி டிரைவர் தன் கையைப் பற்றி அப்படிச் சொல்வது லேசான விஷயம் இல்லை.

பையன் அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டான். பெட்டிக்கு நிஜமான பிளஞ்சர் வைப்பது.

* * *

இந்தக் கம்பிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவில் பேகடெல் என்ற ஆட்டத்தில் பந்தை முதலில் பில்லியர்ட்ஸ் மாதிரி நீளமான குச்சியால்தான் தள்ளினார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் குடியேறிய மாண்டேக் ரெட்க்ரேவ் என்ற ஆங்கிலேயர், 1871-ல் குச்சிக்குப் பதில் ஸ்பிரிங் வைத்த கம்பியைப் போட்டு பேடண்ட் வாங்கினார். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் கோலிக்குண்டு வைத்து விளையாடிய பலகை அதன் பேரன். காசு போட்டு ஆடும் 'பேஃபிள் பால்' மெஷினை காட்லீப் 1931-ல் கொண்டுவந்தார். இரண்டு பக்கத் துடுப்புகள் வந்தது 1947-ல்தான். அதாவது எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல், ஆடுகிறவன் கையில் இருந்தது இந்தக் கம்பி ஒன்றுதான். விட்ட பிறகு, பலகையைக் குலுக்குவதைத் தவிர, ஒன்றும் செய்ய முடியாது.

நிஜ மெஷினில் மேஜையின் சரிவு சுமார் ஆறரை டிகிரி. எஃகுக் குண்டு 27 மில்லிமீட்டர், 80 கிராம். கம்பியை ஏறக்குறைய மூன்று அங்குலம் இழுக்கலாம். நிஜ பிளஞ்சரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்தான். பையன் விலையைப் பார்த்தான். தபால் செலவையும் பார்த்தான். பரணிலிருந்து என் சைக்கிள் பம்ப்பை எடுத்துவிட்டான்.

யோசித்துப் பாருங்கள், சைக்கிள் பம்ப் பாதி பிளஞ்சர். கைப்பிடி இருக்கிறது, தண்டு இருக்கிறது, குழாய் இருக்கிறது, தண்டு வெளியே வந்துவிடாமல் தடுக்க மூடி இருக்கிறது. தண்டின் உள்முனைக்கும் மூடிக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங்கைப் போட்டால், கைப்பிடியை இழுக்கும்போது ஸ்பிரிங் நசுங்கும். ஒரே கேள்வி, எந்த ஸ்பிரிங்?

இந்த விஷயத்தில் தொப்பூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஹைவே ஓரத்தில் வொர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை. பையன் முதலில் ஒரு இன்ஜின் வால்வ் ஸ்பிரிங் கொண்டுவந்தான். அதை இழுக்க இரண்டு பேர் வேண்டும். பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங் போட்டுப் பார்த்தான். அது கைப்பிடியின் வெயிட்டுக்கே அழுதது. கடைசியில் டூ வீலர் மெக்கானிக் அண்ணன் ஒருவர், பைக்கின் பின் பிரேக் ராடில் கோத்திருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொடுத்தார். ஒன்று போட்டால் ஒரு அங்குலத்துக்கு மேல் இழுக்க வரவில்லை. மூன்றை வரிசையாகக் கோத்து நடுவில் வாஷர் போட்டதும் மூன்று அங்குலமும் வெண்ணெய் மாதிரி வந்தது. கைப்பிடி வந்து மூடியில் இடிக்காமல் இருக்க டார்ச் லைட்டின் அடி ஸ்பிரிங். விட்டால் 'டப்' என்று ஒரு சத்தம்.

அந்த 'டப்' கேட்டு அப்பா திண்ணையிலிருந்து தலையைத் திருப்பினார். வரவில்லை. திருப்பினார்.

* * *

கம்பி ஆயிற்று. ஆனால் திரையில் உருளும் பந்துக்கு இந்தக் கம்பி இருப்பதே தெரியாது. அதற்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

மைக் செட்டில் மேலும் கீழும் தள்ளுகிற வால்யூம் பட்டியைப் பார்த்திருப்பீர்கள். தள்ளத் தள்ள உள்ளே ரெசிஸ்டன்ஸ் மாறும். அதன் இரண்டு முனைக்கு 5 வோல்ட் கொடுத்து, நடுக்காலில் வருகிற வோல்டேஜை அளந்தால், பட்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கம்பியோடு அந்தப் பட்டியைக் கட்டிவிட்டால் கம்பி எங்கே நிற்கிறது என்று தெரியும். அளக்கிற வேலையை ஒரு சின்ன ஆர்டுயினோ போர்டு செய்யும். பூஜ்யத்திலிருந்து 1023 வரை ஒரு எண்ணாக மாற்றி, 'நான் ஒரு ஜாய்ஸ்டிக்' என்று பொய் சொல்லி, யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். கம்ப்யூட்டர் நம்பும். எங்கள் மேனேஜர் மாதிரி.

ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மைக் செட் போடுகிறவரிடம் பழைய மிக்ஸர் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு பட்டியைக் கழற்றி வந்து பொருத்தினோம். இழுத்தான் பையன். பாதி தூரம் இழுத்தும் பந்து சோம்பேறித்தனமாக ஒரு அடி நகர்ந்து திரும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். ராக்கெட் மாதிரி போய்க் கூரையில் முட்டியது. நடுவில் ஒன்றுமே இல்லை.

இரண்டு நாள் புரோகிராமைத் திருத்தினான். கம்பியைத் திட்டினான். போர்டை மாற்றினான். கடைசியில் மீட்டர் வைத்துப் பார்த்தால், பத்து கிலோ ஓம்ஸ் பட்டியில் சரி பாதியில் ஐந்து காட்ட வேண்டும். ஒன்றரைகூடக் காட்டவில்லை. பட்டியின் வயிற்றில் 'ஏ10கே' என்று எழுதியிருந்தது.

அந்த 'ஏ'தான் வில்லன். நம் காது விசித்திரமானது. சத்தம் இரண்டு மடங்கானது போல் தோன்ற, பவரைப் பத்து மடங்கு ஏற்ற வேண்டும். அதனால் வால்யூம் பட்டிகளை முதல் பாதியில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறுகிற மாதிரி செய்வார்கள். அதற்குக் குறி 'ஏ'. எல்லா இடத்திலும் ஒரே சீராக ஏறுவதற்குக் குறி 'பி'. எங்கள் பிளஞ்சருக்குக் காது கிடையாது, அதற்கு 'பி' வேண்டும். பழைய பட்டி 60 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது, கம்பி அதைவிட அதிகம் நகரும். ஆக 'பி10கே', 100 மில்லிமீட்டர். நான் ஒரு ஆபீஸ் வேலையாகச் சென்னை போனபோது ரிச்சி தெருவில் வாங்கி வந்தேன். (ஆபீஸ் வேலை அரை மணி நேரம். ரிச்சி தெரு மூன்று மணி நேரம். டி.ஏ. பில்லில் எப்படிப் பிரிப்பது என்று இன்னும் யோசிக்கிறேன்.)

அடுத்த சிக்கல் இன்னும் சுவாரசியமானது. மெதுவாக இழுத்தால் திரையில் இருக்கும் கம்பியும் கூடவே மெதுவாக நகர்ந்தது. அழகு. ஆனால் விட்டதும் பந்து ஒரு தடவை பலமாகப் போனது, ஒரு தடவை நொண்டியது. ஒரே இழுப்புதான்.

நீங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். குனிந்து வாட்ச் பார்த்து நிமிர்வதற்குள் பஸ் போய்விட்டது. பஸ் எவ்வளவு வேகத்தில் போனது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கம்ப்யூட்டரின் நிலைமை அதுதான். அது விநாடிக்கு அறுபது, நூறு தடவை எட்டிப் பார்க்கிறது. ஸ்பிரிங்கோ, கண் இமைக்கும் நேரத்தில் கால்வாசியில் வந்து அடித்து, முன்னால் துள்ளி, பின்னால் வந்து, ஆடி அடங்கிவிடுகிறது. ஒரு பார்வையில் முழுக்க இழுத்த நிலை, அடுத்த பார்வையில் துள்ளலின் ஏதோ ஒரு கட்டம். அதை வைத்து வேகத்தை ஊகித்தால் லாட்டரிதான்.

இதே தலைவலி வெளிநாட்டில் பெட்டி செய்கிறவர்களுக்கும் வந்திருக்கிறது. 'பின்ஸ்கேப்' என்று ஒரு இலவசப் புரோகிராம் இதற்கு வழி கண்டது. பையன் அந்த யோசனையைத் தன் போர்டுக்கு எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் எட்டிப் பார்க்கட்டும் என்று காத்திராமல், போர்டே விடாமல் கம்பியைக் கவனிக்கும். கை விட்ட கணத்தைப் பிடித்துவிடும். எவ்வளவு தூரம் இழுத்திருந்தார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். அப்புறம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற நிதானத்தில், 'இவ்வளவு இழுத்து விட்டார்கள்' என்று ஒழுங்காகச் சொல்லும். துள்ளலை மறைத்துவிடும். நல்ல பி.ஏ. மாதிரி.

அதற்கு மறுநாளிலிருந்து ஒரே இழுப்புக்கு ஒரே அடி.

* * *

இத்தனை நாளும் அப்பா பெட்டிப் பக்கம் வரவில்லை. ஆனால் திண்ணையில் அவர் உட்காரும் இடம் ஜன்னலுக்கு நேராக நகர்ந்திருந்ததை நான் கவனித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் முனகிக்கொண்டிருந்தான். கம்பியைத் தொடாதபோதும் திரையில் பந்து பிளஞ்சர் மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. பட்டியிலிருந்து வரும் எண் சும்மா நிற்காது. 170, 171, 169 என்று ஆடிக்கொண்டே இருக்கும். பந்தும் குளிர் ஜுரம் வந்த மாதிரி ஆடும்.

அப்பா உள்ளே வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். இழுக்கவில்லை. ஒரு நூல் அளவு அசைத்துப் பார்த்தார்.

"ஃப்ரீ ப்ளே எங்கடா?"

"என்ன தாத்தா?"

"பிரேக் பெடல்ல கால் வெச்ச உடனே பிடிக்கக் கூடாது. கொஞ்சம் சும்மா போவணும். அப்புறம்தான் பிடிக்கணும். இல்லாட்டி கால் வெச்சாலே உராஞ்சிக்கிட்டே இருக்கும். இது உராஞ்சிக்கிட்டே இருக்குது."

பையன் வாயைப் பிளந்தான். பிறகு புரோகிராமைத் திறந்து ஒரு வரி சேர்த்தான். ஓய்வு நிலையிலிருந்து பத்து எண்ணுக்குள் எது வந்தாலும் பூஜ்யம் என்று எடுத்துக்கொள். பந்து நின்றது. அடியோடு நின்றது. புத்தகத்தில் இதற்கு 'டெட் ஜோன்' என்று பேர். இன்ஜினீயர்கள் கிளாசில் படிப்பதை அப்பா கட்டமேட்டு இறக்கத்தில் படித்திருக்கிறார்.

"இப்ப இழுத்துப் பாருங்க தாத்தா."

"வேணாம்டா. என் கை ராசி இல்லாத கை."

பையனுக்கு அப்போதுதான் நான் மேட்டூர்க் கதையைச் சொன்னேன். அப்பா முன்னாலேயே. அவர் தடுக்கவில்லை. அம்மா மட்டும் பாத்திரத்தை ஒரு தடவை பலமாக வைத்தாள்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் நியூயார்க் கதையை எடுத்தான். அவனுக்கு அது பாடம்.

1942-ல் நியூயார்க் மேயர் லகார்டியா பின்பாலைத் தடை செய்தார். அது சூதாட்டம், அதிர்ஷ்டம், பையன்களின் காசைப் பறிக்கிறது என்றார். சம்மட்டியால் மெஷின்களை உடைக்கிற போட்டோவுக்கு அவரே போஸ் கொடுத்தார். தடை 34 வருஷம் நின்றது. 1976-ல் ராஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகைக்காரர், மாநகராட்சிக் குழுவுக்கு முன்னால் ஆடிக்காட்ட வந்தார். ஒரு மெஷின், அது ரிப்பேரானால் இருக்கட்டும் என்று இன்னொரு மெஷின். சந்தேகப் பிராணியான ஒரு கவுன்சிலர், 'அது வேண்டாம், இந்த இரண்டாவதில் ஆடு' என்று சொல்லிவிட்டார். ஷார்ப் ஆடினார். அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. உடனே அவர் துடுப்பை விட்டுவிட்டு, பிளஞ்சரைப் பிடித்துக்கொண்டு, 'இப்போது இழுத்து விடுவேன், பந்து நடுச் சந்தில் இறங்கும்' என்று முன்கூட்டியே சொன்னார். விட்டார். பந்து மேலே போய், தயங்கி, நடுச் சந்தில் இறங்கியது. தடை நீங்கியது. கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது என்று ஷார்ப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். அது நேர்மை. ஆனால் காட்டியாயிற்று.

நம் ஊரிலும் இந்த வழக்கு ஓய்ந்ததே இல்லை. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1967-ல் சொன்னது. தமிழ்நாடு சம்பந்தப்பட்ட வழக்கில் 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமைதான் என்றது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தில், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்ததை 2023-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. 2025-ல் பார்லிமெண்ட், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று சட்டம் போட்டது. இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை வருஷம் வாதாடிய கேள்வியைத்தான் அப்பா 1983-லிருந்து தனியாகத் தலையில் வைத்துக்கொண்டு லாரி ஓட்டியிருக்கிறார்.

"தாத்தா, மேல மூணு சந்து இருக்கு பாருங்க. எதுல இறக்கறீங்க? முன்னாடியே சொல்லிட்டு இழுங்க. பத்து தடவை. நான் எழுதறேன்."

"நடு" என்றார் அப்பா.

முதல் மூன்றும் தவறு. ஆனால் எப்படித் தவறு என்று பார்க்க வேண்டும். முதலில் கூடுதல், அடுத்தது குறைவு, மூன்றாவது நூலிழை கூடுதல். கண் திரையில் இல்லை. கைப்பிடியைப் பிடித்த இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது நடு. ஐந்தாவது நடு. ஆறாவது நடு. ஏழாவது போகும்போது தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள், தவறிவிட்டது. "அது கணக்கில்ல" என்றார். கணக்குத்தான் என்று பையன் எழுதினான். எட்டு, ஒன்பது, பத்து, மூன்றும் நடு.

பத்துக்கு ஆறு. அதுவும் கடைசி ஏழில் ஆறு.

அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க இப்படி இல்லடா. அங்க நான் இப்படித்தான் இழுத்தேன். இதே மாதிரிதான், பார்த்துப் பார்த்து. ஒரு தடவை அங்க போவும், அதே இழுப்பு இழுத்தா இங்க போவும். நான் என் கை நடுங்குதுன்னு நெனச்சேன்."

பையன் ஒன்றும் சொல்லாமல் கீ போர்டை எடுத்தான். ஒரு வரி சேர்த்தான். எவ்வளவு இழுத்தாலும் போர்டு அதோடு ஏதோ ஒரு எண்ணைக் குருட்டாம்போக்கில் கூட்டியோ கழித்தோ சொல்லும். உள்ளே தண்டு லொடலொடவென்று இருந்தாலோ, ஸ்பிரிங் ஒரு பக்கம் உராய்ந்தாலோ நிஜப் பலகையில் இதுதான் நடக்கும். வேண்டுமென்றேகூட அப்படிச் செய்து வைக்கலாம்.

"இப்ப இழுங்க."

அப்பா பத்து தடவை இழுத்தார். ஒன்றுதான் நடுவில் விழுந்தது. ஐந்தாவதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பத்தும் இழுத்தார்.

"இதான்" என்றார். "இதேதான்டா அது."

கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதக் கூட்டத்தில் பலகைக்குப் பின்னால் நின்ற ஆளின் முகம் ஞாபகம் வந்ததோ என்னவோ, "திருட்டுப் பய" என்றார். சத்தமில்லாமல். அப்புறம், "அந்த வரியை எடுத்துடுறா" என்றார். பையன் எடுத்தான். அப்பா மறுபடி இழுத்தார். நடு.

"பாத்தியா?" என்று சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என் கை மேல தப்பு இல்ல. பலகைதான் தப்பு. சும்மா இத்தன வருஷம்..."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், சைக்கிள் பம்ப்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"சரி, கை மேல தப்பு இல்ல. அந்தக் கடைக்குள்ள நடந்து போனது யாரு காலு?"